தரையின் வாட்டம்

பின்வாசலுக்கு வெளியே பீம்ராவ் சுண்ணாம்புக் கோடு போட்ட காலையில் சாபிராவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்படிக்கும் பின்வாசலுக்குமாக நடந்தபடியே இருந்தாள். பால் பொங்கி வழிந்தது, தீய்ந்த வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, மேடையைத் துடைக்காமலே மறுபடியும் பின்வாசலுக்கு வந்தாள்.

"பாயம்மா, நீ இப்டி குறுக்க குறுக்க நடந்துகினு இருந்தீனா கோடு அயிஞ்சிபூடும். அப்பால ரூமு கோணிகிச்சுன்னா என்னிய கேக்கக் கூடாது," என்றார் பீம்ராவ். வியாசர்பாடி மேஸ்திரி. நூலின் ஒரு முனையை அவரும் மறுமுனையைச் சித்தாள் கன்னியம்மாவும் பிடித்திருந்தார்கள்.

"நா இன்னும் கால வெக்கவே இல்ல மேஸ்திரி. நீ கோட்டப் பாத்து போடு."

"பாத்துதான் போட்றேன். இந்த வூட்டு மூஞ்சிய தொடக் கூடாது, முதுகுலதான் கை வெக்கலாம்னு சொல்லிட்டாங்கோ. முதுகு சொறியறதுக்குன்னே என்னிய இட்டாந்துகீறாரு பாய்."

கன்னியம்மா நூலை விடாமல் சிரித்தாள்.

மேஸ்திரி சொன்னது சரிதான். ராயபுரத்துப் பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தெருவை, தோற்றம் மாறாமல் காப்பாற்ற வேண்டிய தெருக்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். அதற்கான அலுவலகத்திலிருந்து மாயா என்ற இளம்பெண் வந்து வீட்டின் முகப்பை விதவிதமாகப் படம் எடுத்தாள். உருண்டைத் தூண்கள், மரச்சட்டம் போட்ட வளைவுகள், உள்ளே கூடத்தின் தேக்கு உத்திரங்கள். எதையும் இடிக்கக் கூடாது, மாடியும் எடுக்கக் கூடாது. "பின்பக்கம் ஒரு ரூம் கட்டலாமா?" என்று சாபிரா கேட்டாள். "தாராளமா கட்டுங்க ஆன்ட்டி. தெருவிலிருந்து தெரியாது இல்லையா? முன்பக்க உயரத்தைத் தாண்டாம பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு மாயா வாசலோடு போய்விட்டாள். பின்பக்கத்தை அவள் வந்து பார்க்கவே இல்லை. சாபிராவுக்கு அப்பாடா என்று இருந்தது. கூடவே லேசாக ஒரு அவமானமும் இருந்தது. அது எதற்கு என்று அன்றைக்கு அவளுக்குப் புரியவில்லை.

பின்பக்கம் என்பது கருங்கல் பாவிய ஒரு முற்றவெளி. ஒரு பக்கம் வீடு, இரண்டு பக்கம் மதில். நான்காவது பக்கம் பின்சந்துக்குத் திறக்கும் மரக்கதவு. கற்கள் எல்லாம் ஒரு மூலையை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சரிந்திருக்கும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் தேங்காமல் அந்த மூலையின் துவாரத்துக்குப் போய்விடும்.

எதிர்வீட்டுத் தாஹிரா கோடு போட்ட அன்றைக்கே வந்துவிட்டாள். பின்சந்துக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வந்து, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கதவுலேர்ந்து மதிலு வரிக்கும் வளச்சிட்டியா?"

"ஒரு ரூமுதான்க்கா."

"ரூமு கட்டிக்க. நா இன்னா வேணாம்னா சொல்றேன்? நாள பின்ன நா மவுத்தானா என்னிய எங்க வெச்சிக் கழுவுவீங்க, அத்த மட்டும் சொல்லிடு. காசிமேட்டுக்கு இட்டுனு போயி மீனு கழுவற எடத்துல போட்டு அலசிடுவீங்களா?"

பீம்ராவ் நூலைச் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா காலைல வந்து சாவு பேச்சு?"

"உனுக்குத் தெரியாது மேஸ்திரி. இந்தத் தெருவுல பொம்பளைங்க கடைசிக் குளி குளிக்கிறது இங்கதான்."

அதுதான் விஷயம். தெருவில் பாதிப் பேர் மாடிமேல் மாடியாகப் பிரித்த ஒற்றை அறைகளில் குடியிருந்தார்கள். ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாத படிக்கட்டுகள். ஆண்களுக்குப் பள்ளிவாசலில் இடம் உண்டு. பெண் இறந்தால், குளிப்பாட்டுவதற்கு இந்தப் பின்பக்கத்துக்குக் கொண்டுவருவார்கள். சந்து வழியாகவே வந்துவிடலாம், கூடத்தில் ஆண்கள் இருந்தாலும் அவர்களைக் கடக்க வேண்டாம், தண்ணீரும் தேங்காது. எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. யாரும் அனுமதி கேட்டதில்லை. சாபிராவும் மருமகளாக வந்த காலத்திலிருந்தே யாராவது மவுத்து என்றால், அழுவதற்கு முன்னால் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றப் பழகியிருந்தாள். இலந்தை இலை போட்டுச் சுடவைத்த தண்ணீர். நான்கு பெண்கள் நான்கு பக்கமும் படுக்கை விரிப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நிற்பார்கள். தாஹிரா குளிப்பாட்டுவாள். சாபிரா தண்ணீர் ஊற்றுவாள்.

"ஆஃபியா ரெண்டாவதுக்கு இங்கதான் வரப்போறா. பச்சக் கொயந்தய வெச்சிக்க எடம் வேணும்க்கா," என்றாள் சாபிரா.

"ஆமா, வேணும்தான்," என்று தாஹிரா உடனே இறங்கி வந்தாள். பிரசவத்துக்கு வரும் பெண்ணை எதிர்த்து யார் பேச முடியும்? "நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, போகும்போது கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போனாள்.

மகள் ஆஃபியாவின் பிரசவம் சாபிரா பிடித்துக்கொண்டிருந்த காரணம். கணவர் மஜீதிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள். உண்மை வேறு. அந்த அறை அவளுக்கு வேண்டும்.

மகன் காலித்துக்குத் திருமணமானபோது வீட்டில் இருந்த ஒரே அறையை அவனுக்கு விட்டாயிற்று. மஜீது கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுப்பார். சாபிராவின் பாய் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த நடையில். யார் தண்ணீர் குடிக்கப் போனாலும், யார் கழிப்பறைக்குப் போனாலும், அவள் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் மிதித்ததில்லை. எல்லாரும் நல்லவர்கள். இருட்டில்கூட அளவெடுத்ததுபோல் அவள் காலைத் தாண்டப் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கம்தான் அவளை அரித்தது. நான் ஒரு ஆளா, இல்லை வாசற்படியா என்று சில சமயம் நினைப்பாள். பிறகு, சோறும் துணியும் குறையில்லாத வீட்டில் இப்படி நினைப்பதே கொழுப்பு என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

அந்த அறையில் என்ன செய்வாள்? கதவைச் சாத்துவாள். அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. கதவைச் சாத்தியபின் உள்ளே ஒரு பெண் நிற்பது தெரியும். அந்தப் பெண்ணின் முகம் தெரியாது.

கடைக்கால் தோண்டக் கற்களைப் பெயர்த்தபோது அவள் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டாள். குற்றவுணர்ச்சி என்றுதான் முதலில் நினைத்தாள். இரண்டு நாள் அதோடு சுற்றிக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி அதே மாதிரி அடுக்கினாள். கடைசியில், துவைத்த விரிப்பைக் கொடியில் உதறிப் போடும்போது, அது கோபம் என்று கண்டுகொண்டாள். தெருவில் ஒரு பெண்ணைச் சுற்றி நாலு பக்கமும் மறைத்து, இவளை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று எல்லாரும் குரலைத் தாழ்த்திக் காவல் நின்றது அவள் மவுத்தான பிறகுதான். அதுவும் அரை மணி நேரம். தனக்கு அது முன்னாலேயே வேண்டும் என்று கேட்பது பாவமா?

பாவம்தானோ என்றும் இருந்தது.

திருவொற்றியூரிலிருந்து ஆஃபியா ஃபோன் செய்தாள். "அம்மா, எனக்காகவா ரூம் கட்டிகினு இருக்கீங்க? தம்பி சொன்னான்."

"ஆமாம்மா. நீ வந்தா..."

"நா எங்கம்மா வரப் போறேன்? இங்க ஆஸ்பத்திரி நடக்கற தூரத்துல கீது. மாமியாரும் இங்கயே இருந்துக்கோன்னு சொல்லிட்டாங்க. அங்க வந்தா கண்டெய்னரு லாரி சத்தத்துல கொயந்த எங்க தூங்கும்? வேற ஏதாச்சும் யூஸ் பண்ணிக்குங்க."

சாபிரா ஃபோனை வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனாள். பில்லர்களுக்குக் கம்பி நட்டிருந்தார்கள். ஆறு இடத்தில் கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. இப்போது சொல்லிவிட வேண்டும், ஆஃபியா வரவில்லை என்று. சொன்னால் வேலை நிற்கும். நிற்காவிட்டால் வேறு யாருக்காவது போகும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அறைக்குச் சொந்தக்காரர்கள் தாமாகவே கிளம்பினார்கள். மஜீதுக்குக் காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே கயிற்றுக் கடை. நைலான் கயிறும் வலை மிதவையும் விற்றார். சாப்பிடும்போது சொன்னார்: "ஆஃபியா ரெண்டு மாசம் இருப்பா. அப்பால அந்த ரூமு சும்மாதான கெடக்கும்? ரோப் பண்டல்ல பாதிய கொண்டாந்து போட்டுட்லாம். மய பேஞ்சா கடையில தண்ணி ஏறிப்பூடுது."

காலித், "நைனா, பண்டல் வேணாம், எலி வரும். வாஷிங் மிஷின அங்க போட்லாம். இவளுக்கும் துணி காயவெக்க வசதியா இருக்கும்," என்றான். அவன் மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டு புன்னகைத்தாள்.

"இன்னா சொல்ற சாபிரா?" என்று மஜீது கேட்டார்.

"பாக்கலாம்," என்றாள் சாபிரா.

எல்லாவற்றுக்கும் அவள் சொல்லும் சொல் அது. முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி, அதற்குச் சம்மதம் என்று வீட்டில் எல்லாரும் அர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சுவர் இடுப்பளவு வந்தபோது ஜுலேகா வந்தாள். முனை வீட்டில் மேல்மாடி ஒற்றை அறையில் மகன் தவ்ஃபீக்கோடும் அவன் குடும்பத்தோடும் இருந்தவள். பாவாடைக்கு நாடா கோத்துத் தைத்துக் கொடுப்பாள். அதிகம் பேச மாட்டாள். படியேறினால் மூச்சு வாங்குவதால், கீழே இறங்கிய நாளில் எல்லா வேலையையும் முடித்துக்கொண்டுதான் ஏறுவாள். கறிவேப்பிலை கேட்டு வந்தவள், சுவருக்குள் நுழைந்து நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"ஜன்னலு எந்தப் பக்கம்?"

"மேக்கால வெக்கலாம்னு மேஸ்திரி சொல்றாரு."

"வேணாம் வேணாம். கெயக்கால வெக்கச் சொல்லு. மத்தியானம் கடக்காத்து வரும்." கையால் சுவரைத் தடவினாள். "யாரு படுக்கப் போறது?"

"ஆஃபியா வந்தா..."

"ம்," என்றாள் ஜுலேகா. சாபிராவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நானா இருந்தா நானே படுத்துக்குவேன். ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்."

சாபிரா பதில் சொல்வதற்குள் கறிவேப்பிலையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். அன்று முழுவதும் சாபிராவுக்கு, திருடியதை யாரோ பார்த்துவிட்டதுபோலவும், பார்த்தவள் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்பதுபோலவும் இருந்தது. ஜன்னலைக் கிழக்கே மாற்றச் சொன்னாள். பீம்ராவ் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். ஜுலேகாவிடம் போய் ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைத்தாள். படியேறிப் போகவில்லை. வேலையாள்களுக்கு டீ, சுவருக்குத் தண்ணீர் என்று பொழுது போயிற்று.

சுவர் மேலேறி, ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே லிண்டல் போட்டாயிற்று. உள்ளே தரைக்கு மணல் நிரப்பி, பீம்ராவ் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார். "நாளிக்கி இதுல தண்ணி வுடணும் பாயம்மா. நல்லா ஊத்தி ஊறவெச்சாதான் மண்ணு இறுகும். இல்லாங்காட்டி நாளப்பின்ன தர உள்வாங்கிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஜுலேகா இறந்துபோனாள். தையல் மிஷினில் தலை சாய்த்தபடி இருந்தாளாம். தூங்குகிறாள் என்று நினைத்து மருமகள் தேநீரை மூடிவைத்திருக்கிறாள்.

செய்தி வந்ததும் சாபிரா அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். ஏற்றிய பிறகுதான் பின்பக்கம் இல்லை என்பது உறைத்தது. தவ்ஃபீக் வாசலில் வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன. கேட்க வந்ததைக் கேட்க முடியாமல், தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மாவ மேல வெச்சி செய்ய முடியாதுக்கா. எடமே இல்ல. தண்ணி கீய ஒயுகும். கீய் வூட்டுக்காரங்க..." என்று நிறுத்தினான்.

"இட்டுனு வா," என்றாள் சாபிரா. "சந்து வயியா வா. நா ஏற்பாடு பண்றேன்."

பின்னால் போனபோது பீம்ராவும் கன்னியம்மாவும் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். சொன்னதும் பீம்ராவ் கரணையைக் கீழே வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். இரண்டு பேரும் எதுவும் கேட்காமல் சாரக்கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டார்கள். கன்னியம்மா மணலில் கிடந்த செங்கல் துண்டுகளையும் கம்பி நறுக்குகளையும் பொறுக்கி, துடைப்பத்தால் சீராகப் பெருக்கினாள். கூரை இல்லாத அறைக்கு மேலே பீம்ராவ் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். பின்தெருவில் புதிதாக எழுந்த அடுக்குமாடி வீடுகளின் பால்கனிகள் மறைந்தன.

"நா சந்து மொனையில நிக்கறேன். ஒருத்தனையும் வுடமாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார்.

பள்ளிவாசலிலிருந்து பலகை வந்தது. ஜுலேகாவை மணல்மேல் போட்ட பலகையில் கிடத்தினார்கள். விரிப்பைப் பிடிக்க வந்த நான்கு பெண்களும் விரிப்போடு நின்றார்கள். எங்கே பிடிப்பது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான்கு பக்கமும் சுவர் இருந்தது. கதவுக்கு வைத்திருந்த இடைவெளியில் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். ஜன்னல் இடைவெளியில் சாபிரா தன் துப்பட்டியைக் கட்டினாள். கடற்காற்று அதை உள்பக்கம் உப்பவைத்தது.

"இந்தா, எல்லாரும் நிக்காதீங்க. போங்க," என்று தாஹிரா மற்றவர்களை வெளியே அனுப்பினாள். அவளும் சாபிராவும் மருமகளும் மட்டும் இருந்தார்கள்.

சாபிரா தண்ணீர் ஊற்றினாள். இதுவரை எத்தனையோ பேருக்கு ஊற்றியிருக்கிறாள். அப்போதெல்லாம் விரிப்பு நழுவுகிறதா, மேலிருந்து யாராவது பார்க்கிறார்களா என்றே கவனம் போகும். ஊற்றியது யாருக்கு என்பது உள்ளே போய்த் தலை துவட்டும்போதுதான் நினைவுக்கு வரும். இன்றைக்கு அவசரம் இல்லை. ஜுலேகாவின் வலது கையில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல் நுனியைப் பார்த்தாள். தோளில் ஒரு பழைய தழும்பு. தாஹிரா வாய்க்குள் ஓதிக்கொண்டே, கைக்குழந்தையைத் திருப்புவதுபோலத் திருப்பினாள். தண்ணீர் பலகையிலிருந்து வழிந்து மணலில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே உறிஞ்சிக்கொண்டது. எங்கேயும் ஓடவில்லை.

இந்த அறையில் முதலில் படுத்தவள் ஜுலேகா என்று சாபிரா நினைத்தாள். நினைத்ததும் குவளை பலகையில் இடித்தது.

"பாத்து," என்றாள் தாஹிரா மெதுவாக.

எல்லாம் முடிந்து, கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனபிறகு, பெண்கள் அந்த அறைக்குள் வந்து நின்றார்கள். அழுகை ஓய்ந்து, களைத்த மாதிரியான பேச்சு தொடங்கியது.

கன்னியம்மா கதவிடைவெளியில் சாய்ந்திருந்தாள். "எங்க பக்கம் தெருவுலயே வெச்சி ஊத்துவாங்கக்கா. எங்க ஆத்தாக்கு ஊத்தசொல்லோ மாடிலேர்ந்து ஒருத்தன் செல்லுல எடுத்துகினு இருந்தான். நா கல்ல தூக்கினு ஓடுனேன். இது நல்லாகீது. நாலு செவுரு."

"அத்ததான் நானும் சொல்றேன்," என்றாள் தாஹிரா. சுவரைக் கையால் தட்டினாள், தன் வீட்டுச் சுவர் மாதிரி. "சாபிரா, தெரியாத்தனமா நீ நல்ல வேல பண்ணிகீற. இது இப்டியே கெடக்கட்டும். தரைக்கு மட்டும் வாட்டம் வெச்சி சிமிட்டி போட்டுடு. தண்ணி அந்த மூலைக்குப் போவட்டும். மேல ஒரு ஷீட்டு. போதும். தெருவுக்கே துஆ கெடைக்கும் உனுக்கு."

மற்ற பெண்கள் ஆமாம் என்றார்கள். ஒருத்தி சாபிராவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாபிரா கையை விடுவித்துக்கொள்ளாமல் நின்றாள். "பாக்கலாம்," என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

மறுநாள் பீம்ராவ் வந்து மணலைக் காலால் அழுத்திப் பார்த்தார். "அட, சூப்பரா இறுகிகீது. நேத்து ஊத்த வேண்டிய தண்ணி..." என்று ஆரம்பித்தவர் சாபிராவைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சிக்க பாயம்மா. வாயி இது."

"உண்மதான மேஸ்திரி," என்றாள் அவள்.

அவளும் உள்ளே போய் மணல்மேல் நின்று பார்த்தாள். கால் புதையவில்லை. ஜுலேகாவைக் கழுவிய தண்ணீர் இதற்குள் இருந்தது. இதன்மேல்தான் கட்டில் வரும், வந்தால். பயமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டாள். இருந்தது. ஆனால் போய்விட வேண்டும் என்று தோன்றவில்லை. அதுதான் அவளைக் குழப்பியது. வீட்டுக்குள் எந்த இடத்தில் நின்றாலும் உடனே வேறு இடத்துக்குப் போகச் சொல்லும் கால், இங்கே நின்றது.

தரை போடும் நாளில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மஜீது கடைக்குப் போகாமல் நின்றார். காலித் அளவு நாடாவோடு வந்திருந்தான். தாஹிரா சந்துக் கதவு வழியாக வந்து, கூப்பிடாமலே உள்ளே நின்றாள். கன்னியம்மா கலவையைச் சட்டியில் அள்ளி வைத்திருந்தாள்.

"சொல்லுங்க. தரைய லெவலா போட்டுமா, வாட்டம் வெச்சிப் போட்டுமா?" என்று கேட்டார் பீம்ராவ். "கலவ காஞ்சிகினு கீது."

"வாட்டம் வெய்யி," என்றாள் தாஹிரா.

"லெவலு மேஸ்திரி," என்றான் காலித். "மிஷினு ஆடும்."

மஜீது தாடியைத் தடவினார். "வாட்டமாவே போடட்டும் காலித். தெரு பூரா சொல்லுது. ஜமாத்துலயும் ஒருத்தர் பேசினாரு, நல்ல காரியம்னு. பண்டல பரணுமேல ஏத்திக்கலாம். ஆஃபியா வந்தா அந்த ரெண்டு மாசம் மட்டும் எதனா விரிச்சி சமாளிச்சுக்கலாம். இன்னா சாபிரா, பாக்கலாமா?"

"ஆஃபியா வரல," என்றாள் சாபிரா.

"இன்னாது?"

"அங்கயே பெத்துக்கறாளாம். எப்பவோ சொல்லிட்டா. நாதான் உங்ககிட்ட சொல்லல."

துறைமுகத்துக்குப் போகும் லாரி ஒன்று தெருமுனையில் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"அப்போ இந்த ரூமு யாருக்கு?" என்று மஜீது கேட்டார். கோபமாக இல்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

"எனக்கு."

சொன்ன பிறகு அவளுக்கு மூச்சு வாங்கியது. மாடி ஏறியதுபோல. இவ்வளவு சின்ன சொல்.

"உனக்குத் தனியா ரூமா? எதுக்கு? எங்கூட இருக்கறது புடிக்கலியா?"

"அதெல்லாம் இல்லீங்க. நா படுத்துகினு இருக்கசொல்லோ ஒருத்தரும் என்னியத் தாண்டிப் போவக் கூடாது. அவ்ளோதான்."

மஜீதின் பார்வை கூடத்துப் பக்கம், நடையின் பக்கம் போய்த் திரும்பியது.

தாஹிரா பொறுக்கவில்லை. "அப்போ மையத்த எங்க கொண்டாந்து கழுவறது? நேத்து வரிக்கும் ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சா? ஜுலேகாவ வெச்ச எடம்டி இது."

"வாட்டம் வெய்யி மேஸ்திரி," என்றாள் சாபிரா. பீம்ராவைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "தண்ணி மூலைக்குப் போற மாரி வெய்யி. மேல ஷீட்டு வேணாம், ரூஃபு போடு. கதவு வெய்யி. தாப்பா உள்பக்கம்." பிறகு தாஹிராவிடம் திரும்பினாள். "மவுத்தானவங்களுக்குக் குடுப்பேன்க்கா. எப்ப வேணா கட்ல எடுத்து வெளிய போட்றேன். உசுரோட கீறவங்க யாருக்கும் கெடையாது."

காலித் அளவு நாடாவை விட்டான். அது சரக்கென்று உள்ளே சுருண்டது. கன்னியம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"மையத்து கழுவுற எடத்துல நீ படுப்பியா?" என்றார் மஜீது. "பயமா இருக்காது?"

"இருக்கும்."

"அப்பறம்?"

"பாக்கலாம்" என்றுகூட அவள் சொல்லவில்லை. இந்த முறை அதைச் சம்மதம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

தாஹிராதான் முதலில் அசைந்தாள். "வாட்டத்துல கட்லு போட்டா உருண்டு சாக்கடையில போயி வியுவ, பாத்துக்க," என்று சொல்லிவிட்டு, சந்துக் கதவை வேண்டுமென்றே சத்தமாகச் சாத்திக்கொண்டு போனாள். மறுநாள் ஒரு கிண்ணத்தில் பாயாசம் அனுப்பினாள். யார் கையில் அனுப்பினாளோ அவர்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை.

கூரை போட்டு, பூசி, கதவு மாட்டி முடிந்ததும் பீம்ராவ் கட்டிலைத் தானே கொண்டுவந்து உள்ளே போட்டார். கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. மீந்திருந்த சென்ட்ரிங் பலகையிலிருந்து இரண்டு துண்டு அறுத்து, பள்ளத்துப் பக்கத்துக் கால்களுக்கு அடியில் வைத்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இப்ப சரி. ஆனா கட்ட நவுரும் பாயம்மா. பெரட்டிப் பெரட்டிப் படுக்கற ஆளா இருந்தா வாரத்துக்கு ஒருக்கா தள்ளி வெச்சிக்கணும்."

"தள்ளிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எல்லாரும் சாப்பிட்டு ஓய்ந்த மத்தியானத்தில் அவள் முதன்முறையாக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். புது இரும்பு, இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. சத்தம் வீடு முழுக்கக் கேட்டிருக்கும். கிழக்கு ஜன்னலைத் திறந்தாள். ஜுலேகா சொன்னதுபோலவே காற்று வந்தது, கருவாட்டு வாடையும் சேர்ந்து.

படுத்தாள். தூக்கம் வரவில்லை. கட்டைகள் வைத்திருந்தும் உடம்புக்குச் சரிவு தெரிந்தது, அல்லது தெரிவதாக அவள் நினைத்தாள். சுவரைப் பார்த்தாள். சிமெண்ட் பூச்சில் கன்னியம்மாவின் விரல் பட்ட இடம் ஒன்று காய்ந்து நின்றிருந்தது. எழுந்து உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி படுத்தாள். கதவைச் சாத்தியபின் உள்ளே இருக்கும் பெண்ணின் முகம் இன்னும் தெரியவில்லை. அவள் வருவதற்குக் கொஞ்ச காலம் ஆகலாம் என்று தோன்றியது.

கதவுக்கு வெளியே மஜீது தண்ணீர் குடிக்க எழுந்துவரும் காலடி கேட்டது. கூடத்திலிருந்து நடைக்கு வந்தது. அங்கே சட்டென்று நின்றது. பிறகு, பாய் இல்லாத வெறும் தரையில், அவள் கால் வழக்கமாக இருக்கும் இடத்தை ஒரு எட்டு அகலமாக எடுத்துவைத்துத் தாண்டிக்கொண்டு, அடுப்படிக்குப் போனது.